கருமுட்டைக்கு நிறம் கொடுத்தது யார்?

கருத்தரிப்பு மைய விளம்பரங்களில் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சு நிறத்தில் ஓர் உருண்டை, அதை மொய்க்கும் நீல விந்தணுக்கள். அந்த ஆரஞ்சும் நீலமும் பிற்பாடு பூசியவை.

இப்படிப்பட்ட படங்கள் பெரும்பாலும் மின்னணு நுண்ணோக்கியில் எடுத்தவை. அது ஒளிக்குப் பதில் எலெக்ட்ரான்களைப் பாய்ச்சிப் பார்க்கிறது. ஒளி இல்லாத இடத்தில் நிறம் ஏது? கிடைப்பது கறுப்பு வெள்ளைதான். அதற்கும் செல்லை உலர்த்தி, மேலே மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்துத்தான் வழக்கமாக உள்ளே வைக்கிறார்கள். ‘உயிர் தோன்றும் தருணம்’ என்று தலைப்பிட்டு அச்சிடும் படத்தில் உயிர் இருப்பதில்லை!

ஒளிர்சாய நுண்ணோக்கி அப்படியல்ல. உயிருள்ள முட்டையையும் பார்க்கலாம். குரோமோசோம்களில் ஒட்ட ஒரு சாயம், அவற்றைப் பிரித்து இழுக்கும் கதிர்கோல் இழைகளைக் காட்ட இன்னொன்று. மனிதக் கருமுட்டையின் குறுக்களவு சுமார் 0.1 மி.மீ. அதற்குள் எந்தக் குரோமோசோம் வரிசை பிசகி நிற்கிறது என்று இப்படித்தான் பார்க்கிறார்கள். பெண்ணுக்கு வயது ஏற ஏற இந்தப் பிசகு கூடுகிறது, அது கருச்சிதைவுக்கும் காரணமாகலாம் என்பதால், கருச்சிதைவு பற்றிய ஆய்வுக்கு இது முக்கியம். ஆனால் இங்கும் பல கேமராக்கள் பதிவு செய்வது வெளிச்சத்தின் அளவை மட்டுமே. எதற்குப் பச்சை, எதற்குச் சிவப்பு என்பது கணினி முன் உட்கார்ந்திருப்பவரின் முடிவு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்காக, சிவப்பு இருந்த இடத்தில் இப்போது பலர் மெஜந்தா போடுகிறார்கள்.

ஓவியரின் கை இந்தத் துறைக்குப் பழசு. 1677-ல் விந்தணுவைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய டெல்ஃப்ட் நகரத்து நுண்ணோக்கி ஆய்வாளர் லீவன்ஹூக், தனக்கு வரைய வராது என்று ஓவியர்களை அமர்த்திக்கொண்டவர். 1694-ல் டச்சு அறிவியலாளர் ஹார்ட்சூக்கர் வெளியிட்ட படத்தில், விந்தணுவின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் குந்தியிருந்தான். கண்டதாக ஹார்ட்சூக்கர் சொல்லவில்லை. பார்க்க முடிந்தால் இப்படித் தெரியலாம் என்றே எழுதினார். எழுதியதை எல்லோரும் மறந்தார்கள், படம் மட்டும் நிலைத்துவிட்டது.

இதில் எனக்கு அதிகம் உறுத்துவது லென்னார்ட் நில்சனின் படங்கள். 1965 ஏப்ரல் 30 தேதியிட்ட ‘லைஃப்’ இதழின் அட்டையில், இந்த சுவீடன் நிழற்படக்காரர் எடுத்த 18 வாரக் கரு விண்வெளியில் மிதப்பதுபோல் வந்தது. அழகில் குறையே சொல்ல முடியாது. ஆனால் உள்ளே அச்சான கருக்களில் பெரும்பாலானவை மருத்துவக் காரணங்களுக்காகக் கருப்பையிலிருந்து அகற்றப்பட்டவை. இதழே அதைக் குறிப்பிட்டிருந்தது. கருவைத் தனியே மிதக்கவிடும் படங்கள் தாயைக் காட்சியிலிருந்து அகற்றிவிடுகின்றன என்று 1987-ல் பெண்ணிய அறிஞர் ரோசலிண்ட் பெட்செஸ்கி எழுதினார். அதற்குள் நில்சனின் படங்கள், கருக்கலைப்பை எதிர்ப்பவர்களின் பதாகைகளில் ஏறியிருந்தன.