தேநீரும் இரும்புச்சத்து மாத்திரையும்

தேநீர் உடலுக்கு நன்மை தரும் என்று பலர் கூறுவர். இரத்தச்சோகை உள்ளவர்கள் இரும்புச்சத்து மாத்திரையுடன் தேநீர் அருந்தக் கூடாது என்று மருத்துவர் அறிவுறுத்துவார். இவ்விரண்டும் உண்மையே. இரண்டுக்கும் காரணம், தேயிலையிலுள்ள ஃபீனால்களின் மூலக்கூறு அமைப்பே ஆகும்.

ஆறு கரிம அணுக்கள் சேர்ந்த வளையமும், அதனுடன் நேரடியாக இணைந்த ஹைட்ராக்சில் தொகுதியும் கொண்டவை ஃபீனால்கள். உடலில் உண்டாகும் தனி உறுப்புகள் செல்களைத் தாக்கும் இயல்புடையவை. ஃபீனால் தன் ஹைட்ரஜனை அவற்றுக்கு வழங்கி அடக்குகிறது. இழப்பினால் எஞ்சும் தனி எலக்ட்ரானை வளையம் முழுவதும் பகிர்ந்து தாங்குகிறது. இதுவே ஆக்சிஜனேற்றத் தடுப்பு.

ஹைட்ராக்சில் தொகுதிகளின் எண்ணிக்கையைவிட அவை அமைந்துள்ள இடமே முதன்மையானது. அடுத்தடுத்த இரு கரிமங்களில் அவை அமைந்தால் ஆற்றல் மிகும். வெங்காயத்தின் குவெர்செடினில் இத்தகைய இணை உண்டு. தேயிலையின் கேலிக் அமிலப் பகுதியில் மூன்று தொகுதிகள் அடுத்தடுத்து நிற்கின்றன.

ஆனால், அதே அடுத்தடுத்த தொகுதிகள் நண்டின் கொடுக்குகளைப் போல இரும்பையும் பற்றிக்கொள்கின்றன. அவ்வாறு பற்றப்பட்ட இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. காப்பியிலுள்ள ஃபீனால்களுக்கும் இது பொருந்தும். கீரை, பயறு ஆகியவற்றிலுள்ள இரும்பும் இவ்வாறே வீணாகிறது.

தாவரத்தில் உள்ள ஃபீனால் யாவும் உண்ணத்தக்கவை அல்ல. நம் அரியலூர் மாவட்டத்தில் விளையும் முந்திரிக்கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெயும் ஃபீனால் வகையே. வளையத்துடன் பதினைந்து கரிம அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலி இணைந்திருப்பதால் அது தோலினுள் எளிதில் ஊடுருவிப் புண்ணாக்குகிறது.

எனவே, "ஆக்சிஜனேற்றத் தடுப்பான் மிகுந்தது" என்னும் விளம்பரத்தை மட்டும் நம்பி மாத்திரை வாங்குதல் தகாது. உணவுகளின் இவ்வாற்றலைப் பட்டியலிட்டிருந்த அமெரிக்க வேளாண்மைத் துறை, சோதனைக் குழாயில் கண்ட அளவு மனித உடலுக்குப் பொருந்தாது என்பதால் 2012-ஆம் ஆண்டு அப்பட்டியலை நீக்கியது. குழம்பில் இடும் மஞ்சள் வேறு. குர்குமினைச் செறிவூட்டிய மாத்திரை வேறு. அத்தகைய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்துள்ளது.

நினைவில் கொள்ள வேண்டியவை:

• இரும்புச்சத்து மாத்திரைக்கும் தேநீர் அல்லது காப்பிக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள்.

• உணவுடன் தேநீர் அருந்துவதைத் தவிருங்கள். எலுமிச்சை, கொய்யா போன்ற வைட்டமின் சி நிறைந்தவற்றைச் சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்கு சேரும்.

• மூலிகை மாத்திரை எதை உட்கொண்டாலும், குறிப்பாக இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவராயின், மருத்துவரிடம் மறவாமல் தெரிவியுங்கள்.

தேநீரைக் கைவிட வேண்டியதில்லை. அருந்தும் வேளையை மாற்றினாலே போதும்.