மௌனம் காவலாகுமா?

மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டை, எல்கடுவை மலைச்சாரல்களில் உள்ள தோட்டங்களில் ஒரு பெண்பிள்ளை பெரியவளாகிவிட்டாள் என்றால் அச்செய்தி ஒரு வீட்டோடு நில்லாது. தாய்மாமனுக்கு ஆள் போகும். நீராட்டும் நாளன்று ஒலிபெருக்கி முழங்கும். சீர்வரிசைத் தட்டுகள் லயத்து வாசலை நிறைக்கும். ஊர் முழுவதும் அறிந்த விஷயத்தை அறியாதவள் ஒருத்திதான். அவள் அந்தப் பெண்பிள்ளையே! தன் உடலில் நிகழ்ந்தது யாது, அது ஏன் நிகழ்ந்தது, இனித் தன்னைப் பேணிக்கொள்ளும் வகை என்ன என்பவற்றை அவளுக்கு விளக்கிச் சொல்வோர் அரியர். "தொடாதே, போகாதே, பேசாதே" என்ற மூன்று கட்டளைகளோடு அவள் கல்வி முற்றுப்பெறுகின்றது. அவளுடைய தமையனுக்கோ அந்த மூன்று சொற்களும் கிடைப்பதில்லை.

பாடசாலைகளில் பாலியற் கல்வி வேண்டும் என்றால் பெற்றோர் பலர் முகஞ் சுளிக்கின்றனர். அக்கல்வி இன்னதென்று தெளிந்துகொண்டால் அச்சம் பாதி நீங்கும். சிறு பிள்ளைக்கு அது தன் உடலுறுப்புகளின் பெயரையும், எவரும் தொடலாகாத இடம் எதுவென்பதையும், தொட்டால் யாரிடம் ஓடிச்சென்று சொல்வது என்பதையும் கற்பிக்கும். பத்துப் பன்னிரண்டு வயதினருக்கு மாதவிடாய், குரல் உடைதல் முதலிய மாறுதல்கள் இயற்கையானவை, வெட்கப்படத்தக்கவை அல்ல என்று உணர்த்தும். வளர்ந்த மாணவருக்குக் கருவுறுதல், தொற்று நோய்கள், நாட்டின் சட்டம், பிறர் விருப்பத்தை மதித்தல் ஆகியவற்றைக் கூறும். இவற்றுள் எதனை ஒரு தாய் தன் பிள்ளைக்கு மறைக்க விரும்புவாள்?

தோட்டத்து வாழ்க்கையை எண்ணிப் பார்ப்போம். காலையில் தாய் கொழுந்தெடுக்க மலையேறிவிடுகின்றாள். தந்தையும் வேலைக்குச் செல்கின்றார். கைக்குழந்தையைப் பிள்ளைமடுவம் பார்த்துக்கொள்ளும். பாடசாலை விட்டு வரும் பிள்ளையை யார் பார்ப்பார்? சில வீடுகளில் தாய் கடல் கடந்து மத்திய கிழக்கில் பணி செய்கின்றாள். பிள்ளை உறவினர் கையில் வளர்கின்றது. சிறுவரைத் துன்புறுத்துவோருள் மிகப் பெரும்பாலோர் அயலார் அல்லர். பிள்ளை அறிந்து, நம்பி, உறவு முறை சொல்லி அழைப்பவர்களே என்பது உலகெங்கும் கண்ட உண்மை. அத்தகையவரால் தீங்கு நேரும்போது பிள்ளை எவ்வாறு முறையிடும்? நிகழ்ந்ததற்கு அதனிடம் பெயரில்லை. அதைப் பற்றிப் பேசுவதே பாவம் என்றுதான் நாம் பழக்கியிருக்கின்றோம். நாம் காவல் என்று எண்ணிய மௌனம், தீங்கு செய்தவனுக்கே காவலாகி விடுகின்றது.

சட்டம் உறங்கவில்லை. பதினாறு வயது நிரம்பாத பெண்பிள்ளையோடு உடலுறவு கொள்வது, அவள் இசைந்தாள் எனினும், குற்றமே என்று 1995 ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பெற்றது. அதற்கு முன் அவ்வெல்லை பன்னிரண்டாகவே இருந்தது! 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நிறுவப்பட்டது. 1929 என்ற இலக்கத்திற்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் முறையிடலாம். ஆயினும், தனக்கு நேர்ந்தது குற்றம் என்றே அறியாத பிள்ளை எந்த இலக்கத்தை அழைக்கும்?

நம் பாடசாலைகளில் 6 ஆம் தரம் முதல் பயிலும் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' என்ற பாடத்தில் இவ்விஷயங்கள் ஓரளவு இடம்பெற்றே வந்துள்ளன. ஆனால் அப்பக்கம் வந்ததும் ஆசிரியருக்கு நாணம் வருகின்றது. "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று கூறி ஏட்டைப் புரட்டிவிடுவோர் உளர். வீட்டிலோ, "அதெல்லாம் பாடசாலையில் சொல்லுவார்கள்" என்பர். 2019 ஆம் ஆண்டில் 7 ஆம் தர மாணவர்க்கென 'ஹத்தே அபே பொத்த' என்ற நூல் ஆக்கப்பட்டது. மதத் தலைவர்கள் சிலரிடமிருந்து எதிர்ப்பு எழவே, அது வகுப்பறைகளில் நிலைபெறாமற் போயிற்று.

"சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுவிடமாட்டார்களா?" என்பது நேர்மையான கேள்வியே. சுவீடன் நாடு 1955 ஆம் ஆண்டிலேயே இக்கல்வியைக் கட்டாயமாக்கியது. பல நாட்டு ஆய்வுகளையும் சீர்தூக்கி யுனெஸ்கோ நிறுவனம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டி, இக்கல்வி பிள்ளைகளை விரைந்து தவறான வழியிற் செலுத்துவதில்லை என்று கூறுகின்றது. மேலும், நாம் வாய் திறவாவிட்டால் பிள்ளை அறியாமலே இருந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. கைத்தொலைபேசி இன்று லயத்து அறைக்குள்ளும் வந்துவிட்டது. அது காட்டும் ஆபாசப் படங்களே ஆசானாக அமைவதைக் காட்டிலும், நல்லாசிரியர் ஒருவர் நான்கு நல்ல சொற்களைக் கூறுவது மேலன்றோ?

நம் சமூகம் இத்தகைய பேச்சுக்குப் புதியதும் அன்று. 1953 இல் இந்நாட்டில் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியது. 1965 இல் அரசாங்கமும் அப்பணியை ஏற்றுக்கொண்டது. இன்று நம் தாய்மார் சிகிச்சை நிலையத்தில் மருத்துவ மாதுடன் கூச்சமின்றி உரையாடுகின்றனர். மணமானவளுக்குச் சொல்லத் துணிந்த நாம், அவளுடைய மகளுக்குச் சொல்ல மட்டும் ஏன் தயங்குகின்றோம்?

ஆகவே, நாம் வேண்டுவன பெரியன அல்ல. இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்குத் தமிழிலேயே தக்க பயிற்சி வேண்டும். கற்பிக்குமுன் பெற்றோரை அழைத்து, இன்னது சொல்லப்போகின்றோம் என்று காட்டவேண்டும். ஆசிரியர் தயங்குமிடத்தில் மருத்துவ மாது வகுப்பறைக்கு வந்து உதவலாம். பெண்பிள்ளைகளுக்கு மட்டுமன்றி ஆண்பிள்ளைகளுக்கும் இது கற்பிக்கப்படவேண்டும். மதிக்கக் கற்ற ஆண்மகன் உள்ள இடத்தில் பெண்ணுக்கு வேறு காவல் மிகுதியாக வேண்டுவதில்லை.

பெற்றோரே, இன்றிரவு விளக்கின் அடியில் உங்கள் பிள்ளையை அருகே இருத்தி, "உனக்கு எது நேர்ந்தாலும் என்னிடம் சொல், நான் உன்னை ஏசமாட்டேன்" என்று ஒரு வார்த்தை கூறுங்கள். பாலியற் கல்வியின் முதற் பாடம் அதுவே. எஞ்சியதைப் பாடசாலை கற்பிக்கட்டும்.