பாம்பும் மழைமானியும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அப்படி நடுங்குகிற ஒருவரைப் பாம்போடு பழகவைக்க முடியுமா? முடியும் என்று செய்து காட்டினார் ஓர் உளவியல் அறிஞர். அவர் பெயர் ஆல்பர்ட் பண்டூரா. கனடாவில் பிறந்தவர், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர். அவரும் அவருடைய துணைவர்களும் 1969-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைக் கேளுங்கள்.

பாம்புக்கு மிகவும் அஞ்சுகிறவர்களை அவர்கள் பல குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, பாம்போடு பழகுகிறவர்களைத் திரைப்படத்தில் காட்டினார்கள். இன்னொரு குழுவினர் உடலைத் தளர்த்தி அமர்ந்து, பாம்பு இருப்பதாகக் கற்பனை செய்து பார்த்தார்கள். மற்றொரு குழுவின் முன்னே, ஒருவர் விஷமற்ற பாம்பைக் கையில் எடுத்துக் காட்டினார். பிறகு அவரே அதன் தலையையும் வாலையும் பிடித்துக்கொள்ள, அஞ்சியவர் முதலில் கையுறையோடு தொட்டார்; பின்பு வெறுங்கையால் தொட்டார்.

கடைசித் தேர்வு என்ன தெரியுமா? மடியில் பாம்பு ஊரும்போது அசையாமல் உட்கார்ந்திருக்கவேண்டும்! தொட்டுப் பழகிய குழுவினரில் ஏறக்குறைய எல்லாருமே அதில் தேறினார்கள். மற்றக் குழுக்களில் தேறியவர்கள் குறைவு. (நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்!)

பாம்புக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? இருக்கிறது.

பள்ளிக்குப் புதிதாக ஒரு கருவி வருகிறது. அது மழைமானியாக இருக்கலாம், நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் கருவியாக இருக்கலாம், கணிப்பொறியாகவும் இருக்கலாம். ஆசிரியர் அதை இதற்கு முன் கையாண்டதில்லை. வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது தவறாகக் காட்டினால்? கீழே விழுந்து உடைந்தால்? மாணவர் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால்? இந்த அச்சம் இயற்கையானதுதான். ஆனால் விளைவு என்ன? கருவி அலமாரிக்குள் போகிறது. பாடம் கரும்பலகையோடு முடிகிறது.

இதனால் நாம் இழப்பது கொஞ்சமல்ல. இன்று நாம் பயன்படுத்தும் நீரும் நிலமும் காற்றும் நாளை பிறக்கப்போகும் குழந்தைகளுக்கும் வேண்டும். அவர்களுக்குக் குறைவைக்காமல் நாம் வாழ்வதையே நிலைத்த வளர்ச்சி என்கிறோம். 'நீரைச் சேமிப்போம்' என்று சுவரில் எழுதிவைத்தால் மட்டும் போதுமா? எவ்வளவு மழை பெய்தது, எவ்வளவு நீரைச் செலவழித்தோம் என்று அளந்தால்தானே எவ்வளவு சேமிக்கவேண்டும் என்பது தெரியும்?

இப்படி அளப்பதற்கென்றே 'குளோப்' என்னும் உலகத் திட்டம் ஒன்று 1994-இல் அறிவிக்கப்பட்டு, 1995-இல் தொடங்கியது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன. இந்தியா 2000-இல் சேர்ந்தது. மாணவர்கள் மழை, வெப்பநிலை, மேகம், நீர், மண் ஆகியவற்றை அளந்து அனுப்புகிறார்கள். விஞ்ஞானிகள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். இத்திட்டத்தின் பயிற்சி முகாம்களில் ஆசிரியர்களே முதலில் மாணவர்களாகிறார்கள்! வெளியே சென்று, தாமே கருவியைப் பிடித்து அளந்து பழகுகிறார்கள்.

தவறு நேர்ந்தால்? அதற்கும் வழி உண்டு. குளத்து நீரின் வெப்பநிலையை மூன்று மாணவர்கள் தனித்தனியே அளக்கவேண்டும். மூன்று அளவுகளும் அவற்றின் சராசரியிலிருந்து 1 டிகிரி செல்சியசுக்குமேல் விலகக்கூடாது. விலகினால் மறுபடி அளக்கவேண்டும். பார்த்தீர்களா? தவறே செய்யாதவராக ஆசிரியர் இருக்கவேண்டியதில்லை. தவறைக் கண்டுபிடிக்கும் வழி தெரிந்திருந்தால் போதும். அந்த வழி தெரியாமல் வெறும் துணிச்சல் மட்டும் இருந்தாலும் ஆபத்துதான். மரத்தடியில் வைத்த மழைமானி காட்டும் அளவை நம்பித் தொட்டி கட்டினால், கணக்குப் பொய்த்துவிடும்.

'என்னால் இது முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது? பண்டூரா 1977-இல் நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார். தானே செய்து வெற்றி பெறுவது ஒன்று; தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது இரண்டு; பிறர் சொல்லும் ஊக்கமொழி மூன்று; பதற்றமில்லாத உடலும் மனமும் நான்கு. இவற்றுள் வலிமை மிக்கது முதலாவதுதான்.

இனி நீங்கள் செய்து பாருங்கள். நேரான பக்கங்களும் தட்டையான அடியும் உள்ள ஒரு டப்பாவை, மரமும் சுவரும் அருகில் இல்லாத வெட்டவெளியில் வையுங்கள். சாயாமல் இருக்கச் சுற்றிலும் கல் வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில், உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து குறியுங்கள். சில அளவுகோல்களில் பூஜ்யம் நுனியிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கும், கவனம்! மூன்று பேர் தனித்தனியே அளந்து, பிறகு ஒப்பிடுங்கள்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். பள்ளியின் மொட்டைமாடி 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 10 மி.மீ. மழை பெய்தால் 2,000 லிட்டர்! சிறிது வீணானாலும் மீதி நமக்குத்தானே?

இந்தக் கணக்கை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். "சார், நீங்களும் ஒருமுறை அளந்து பாருங்கள்" என்று அழையுங்கள். அவர் உங்களோடு மழைமானியருகே குனிந்து பார்க்கும் அன்றே, அலமாரியின் பூட்டும் திறந்துவிடும்.