ஒரு துண்டு ரப்பருக்காகக் காயலான் கடைக்குப் போகும் மெஷின்

புல் வெட்டும் மெஷினும் மரம் அறுக்கும் செயின்சாவும் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை, ஸ்பேர் கிடைக்காமல் சாகின்றன. கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் கிளம்பாத ஒரு டூ ஸ்ட்ரோக் மெஷினின் கார்புரேட்டரைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு விரல் அகலத்தில், காகிதம்போல் மெல்லிய ரப்பர் டயாப்ரம் இருக்கும். அது மேலும் கீழும் துடித்துத்தான் டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. அது விறைத்துப்போனால் பிஸ்டனும் சிலிண்டரும் புத்தம்புதிதாக இருந்தும் பயனில்லை. கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டிருந்தால், "ஸ்பேர் வராது, புதுசு வாங்கிக்குங்க" என்பார்கள். இதை நாம் ஏற்க வேண்டியதில்லை. டயாப்ரம், ஆயில் சீல், பெட்ரோல் டியூப், ஸ்டார்ட்டர் புஷ் எல்லாவற்றையும் நம் ஊர்ப் பட்டறைகளே செய்துகொடுக்க முடியும்.

முடியும் என்பதற்குச் சாட்சி சென்னையின் திருவொற்றியூர். 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் புல்லட் மோட்டார் சைக்கிளின் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே கோத்தார்கள். பிறகு அந்தப் பாகங்களைச் செய்யும் கருவிகளும் அச்சுகளும் கைமாறின. 1962க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக் கம்பெனியே இல்லாமல் போனது, புல்லட் சாகவில்லை. 1977இல் திருவொற்றியூர் வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. ரப்பரும் இந்த ஊருக்குப் புதிதல்ல. எம்.ஆர்.எஃப். 1946இல் இங்கே பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத்தான் பிறந்தது.

புல்லட் விஷயத்தில் அது மனமுவந்து விற்ற உரிமை, மற்றவர் டிசைனைக் கேட்காமல் எடுப்பது திருட்டல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் சட்டத்தில் காப்புரிமை 20 ஆண்டுகளுக்கு, பதிவுசெய்த வடிவமைப்புக்கான உரிமை அதிகபட்சம் 15 ஆண்டுகளுக்கு. அதைத் தாண்டிய மெஷினின் பாகத்தை அளந்து செய்வதில் இந்த இரண்டும் குறுக்கே நிற்காது. அதன்மேல் கம்பெனியின் பெயரைப் பொறித்து விற்பதுதான் மோசடி. பட்டறை தன் சொந்தப் பெயரைப் பொறிக்கட்டும். இன்னும் பழசாகாத மெஷின்களுக்கு வேறு வழி வேண்டும். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது விவசாயக் கருவிகளையும் பட்டியலில் சேர்த்தது. தோட்டக் கருவிகளும் அதில் வர வேண்டும். ஒரு மாடலை நிறுத்தும் கம்பெனி அதன் பாகங்களின் அளவுகளையாவது வெளியிட வேண்டும்.

பட்டறைப் பாகம் தரத்தில் நிற்குமா என்பதுதான் இதைவிடக் கனமான கேள்வி. அளவை மட்டும் காப்பியடித்தால் நிற்காது. சில புல்வெட்டி இன்ஜின்களில் பிளைவீல் கீயை வேண்டுமென்றே மிருதுவான உலோகத்தில் செய்திருப்பார்கள். பிளேடு கல்லில் மோதி இன்ஜின் சட்டென்று நின்றால், கீ அறுந்து கிராங்க் ஷாஃப்டைக் காப்பாற்றும். 'கெட்டியா இருக்கட்டும்' என்று இரும்பில் கீ அடித்துக் கொடுக்கும் நல்ல மனதுக்காரர், அடுத்த அடியில் கிராங்கையே காவுகொடுத்துவிடுவார். அதே நேரம், மூலப் பாகத்தைவிட நல்ல பாகத்தையும் பட்டறை தர முடியும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் உப்பும், வெடிக்கும். சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரலாம் என்று 2025இல் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. எத்தனாலைத் தாங்கும் ஃபுளோரோ ரப்பரில் இன்று செய்யும் சீல், அந்த மெஷின் பிறந்தபோது போட்ட சீலைவிட அதிக நாள் உழைக்கும். ஆகவே சாம்பிளைக் கையில் வாங்கும் டர்னர், அளவோடு நிறுத்தாமல், இந்தப் பாகம் ஏன் இந்தப் பொருளில் இருக்கிறது என்றும் கேட்டுவிட வேண்டும்.

பிளேடு, செயின், செயின் பிரேக் ஆகியவற்றை மட்டும் பட்டறையில் செய்யவே கூடாது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும் பிளேடு துண்டானால் அது பாயும் இடம் பக்கத்தில் நிற்பவரின் காலோ கண்ணோவாக இருக்கும். இவற்றுக்குத் தகுந்த கம்பெனிப் பாகம் கிடைக்காவிட்டால் அந்த மெஷினை நிறுத்திவிடுவதே சரி. கார்புரேட்டரையும் காயிலையும் கழற்றி எடுத்து வைத்தால், அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவருக்கு உதவும்.