ஆபரேஷனுக்கு முன் தண்ணீர் குடிக்கலாமா? உப்பளத் தொழிலாளர்கள் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

‘நைட்டு பத்து மணிக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணிகூடக் குடிக்கக் கூடாது.’ ஆபரேஷன் என்றாலே வீட்டில் எல்லோரும் சொல்வது இதுதான். சாப்பாட்டைப் பொறுத்தவரை கட்டுப்பாடு அவசியம். ஆனால், தண்ணீர் விஷயத்தில் மயக்கவியல் மருத்துவம் எப்போதோ மாறிவிட்டது. விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் உப்பளங்களில் வேலை செய்பவர்களுக்கு இந்த மாற்றம் ரொம்பவே முக்கியம்.

உப்பளத்தில் என்ன நடக்கிறது?

உப்பு விளைய வெயில் வேண்டும். அதே வெயிலில்தான் உப்பை வாரி, சுமந்து, குவிக்கவும் வேண்டும். பாத்திகளுக்கு நடுவே நிழல் கிடையாது. கழிப்பறை வசதி இல்லாத இடங்களில், பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழகத்தின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். சுமார் 90 சதவீதம் பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தது தெரியவந்தது. சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. இந்தப் பாதிப்புக்குத் தொடக்கத்தில் அறிகுறி எதுவும் இருக்காது. உடல்வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் நிலைமையை இன்னும் மோசமாக்கலாம்.

மயக்க மருந்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

முதுகில் ஊசி போட்டாலும், முழு மயக்கம் கொடுத்தாலும் ரத்தக்குழாய்கள் விரிந்து பிபி இறங்கும். உடலில் நீர்ச்சத்து குறைவாக இருந்தால் இன்னும் அதிகமாக இறங்கும். அப்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும்.

2018-ல் வெளியான ‘ரிலீஃப்’ ஆய்வு, பெரிய வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 3,000 பேரைக் கவனித்தது. டிரிப்ஸைக் குறைத்துக் கொடுத்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு வந்தது. தாராளமாகக் கொடுத்தவர்களில் இது 5 சதவீதம். மற்ற பல பலன்களில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், உடலை வறள விட்டால் சிறுநீரகம்தான் அடிவாங்கும் என்பது தெளிவானது.

எவ்வளவு நேரம் வரை குடிக்கலாம்?

மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது. பட்டினி போடச் சொல்வது இதற்காகத்தான். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, திட்டமிட்ட ஆபரேஷனுக்கு:

• தண்ணீர், பால் சேர்க்காத டீ, காபி: 2 மணி நேரம் முன்பு வரை

• இட்லி போன்ற லேசான உணவு, பால்: 6 மணி நேரம் முன்பு வரை

• எண்ணெயில் பொரித்தது, கறி: 8 மணி நேரமோ அதற்கு மேலோ

பால் கலந்த டீ ‘தண்ணி’ கணக்கில் வராது. பிரசவ வலி, குடல் அடைப்பு, அவசர ஆபரேஷன், நீண்டகாலச் சர்க்கரை நோயால் செரிமானம் மந்தமானவர்கள், உடல் எடைக் குறைப்பு ஊசி போடுபவர்கள் ஆகியோருக்கு இந்தக் கணக்கு மாறும். எனவே டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை.

மறக்காமல் சொல்ல வேண்டியவை

‘கூலி வேலை’ என்று மட்டும் சொன்னால் போதாது. உப்பளத்தில் எத்தனை வருஷமாக வேலை, சிறுநீர் குறைவாகவோ அடர் மஞ்சளாகவோ போகிறதா, என்னென்ன வலி மாத்திரை போடுகிறார், பிபி, சுகர் மாத்திரை உண்டா என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை எடுத்தாச்சா என்றும் கேட்கலாம். அது தெரிந்தால், டிரிப்ஸின் அளவையும் ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் வலி மருந்தையும் மயக்க மருத்துவர் அதற்கேற்ப முடிவு செய்வார்.

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவைப் புதுச்சேரி ஜிப்மருக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப்போகும் பிள்ளைகள் முதல் நாளே ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது: “எத்தனை மணி வரைக்கும் தண்ணி குடிக்கலாம் டாக்டர்?” ஆபரேஷன் நேரம் தள்ளிப்போனால், அதே கேள்வியை மறுபடியும் கேட்க வேண்டும்.