விலை வீழ்ந்தால் கடன் ஏறுவது ஏன்?

விலை சரிந்தால் கூடுதலாக விளைவித்து ஈடுகட்டிக் கொள்ளலாம் என்பது விவசாயிகள் போடும் கணக்கு. ஒருவரைப் பொறுத்தவரை இது சரியே. நாடு முழுவதும் இவ்வாறே செய்தால் சரக்கு குவிந்து விலை மேலும் வீழும். இப்படி நாடு முழுமைக்குமான உற்பத்தி, விலைவாசி, வேலைவாய்ப்பு ஆகியவற்றை ஆராய்வது பேரியல் பொருளாதாரம்.

1929-ல் தொடங்கிய பெருமந்தம் இதற்குத் தக்க உதாரணம். அமெரிக்காவில் அவ்வாண்டு ஏறத்தாழ ஒரு டாலருக்கு விற்ற ஒரு புஷல் (சுமார் 27 கிலோ) கோதுமை, 1932-ல் 38 சென்ட்டுக்கு இறங்கியது. 500 டாலர் கடனை அடைக்க முன்பு 500 புஷல் போதும். பின்னர் 1,300 புஷலுக்கு மேல் அளக்க வேண்டியதாயிற்று. வாங்கிய தொகை கூடவில்லை. சுமை மட்டும் கூடியது. நிலத்தை இழந்தவர்கள் ஏராளம். கடன்பட்டோர் அவசரமாக விற்பதால் விலை இன்னும் இறங்குகிறது, கடன் மேலும் கனக்கிறது என்று 1933-ல் இர்விங் ஃபிஷர் விளக்கினார். கடன் வாங்குமுன், விலை பாதியானால் எத்தனை மூட்டை விற்று அடைக்க வேண்டும் என்றும் கணக்குப் பார்ப்பது நல்லது.

மந்தத்தின் காரணம் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சந்தையை அதன் போக்கில் விட்டால் தானே சீராகும் என்பது பழைய கொள்கை. மக்களிடம் வாங்கும் சக்தி குறையும்போது அரசு செலவிட்டு வேலை தர வேண்டும் என்று 1936-ல் இங்கிலாந்தின் கீன்ஸ் வாதிட்டார். மில்டன் ஃப்ரீட்மனும் அன்னா ஷ்வார்ட்ஸும் 1963-ல் வேறு காரணம் காட்டினர். வங்கிகள் முறிந்து, அமெரிக்காவில் புழங்கிய பணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மத்திய வங்கி அதைத் தடுக்கத் தவறியது என்பது அவர்கள் முடிவு.

அமெரிக்க அரசு 1933-ல் சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தியை உழுது மடக்க விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. விலை ஏறியது. ஆனால் பணம் பெரும்பாலும் நில உடைமையாளருக்கே போய்ச் சேர்ந்தது. வாரக் குடிகள் பலர் வெளியேற்றப்பட்டனர். சிறு விவசாயிகளைக் காத்த திட்டம் என்று இதைச் சொல்வதற்கில்லை.

சென்னை மாகாணத்திலும் நெல் விலை வீழ்ந்து கடன் முற்றியது. ராஜாஜி அமைச்சரவை 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1-ந் தேதி நிலுவையிலிருந்த வட்டி தள்ளுபடியாயிற்று. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் முழுக் கடனும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது.