உங்களுக்குத் தெரியுமா? புது அலமாரி விடும் மூச்சு

புது அலமாரியைத் திறந்ததும் கண் கரிக்கிறதா? பெரும்பாலும் அது ஃபார்மால்டிஹைடு. மரத்தூளை அழுத்திப் பலகையாக்கச் சேர்க்கும் பசையிலிருந்து மாதக்கணக்கில் கசியும் வாயு. வெப்பமும் புழுக்கமும் கூடினால் கசிவும் கூடும்.

2005இல் கத்ரீனா புயலில் வீடிழந்த அமெரிக்கர்களை அரசு இத்தகைய பலகைகள் கொண்ட டிரெய்லர் வீடுகளில் குடியமர்த்தியது. தலைவலி, மூக்கில் ரத்தம், மூச்சுத்திணறல் என்று புகார்கள் குவிந்தன. 2007 டிசம்பர், 2008 ஜனவரி மாதங்களில் 519 டிரெய்லர்களின் காற்றைச் சோதித்தார்கள்: நூறு கோடிப் பங்கு காற்றில் சராசரியாக 77 பங்கு ஃபார்மால்டிஹைடு! அதுவும் குளிர்காலக் கணக்கு. கோடையில் எவ்வளவு இருந்திருக்குமோ!

இத்தனைக்கும், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அறிவித்திருந்தது.